பால் கேனில் புதைத்த காகிதம்

(ஜனவரி 27, யூத இனப்படுகொலை நினைவு நாளன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரு இடங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாட்சியர் அவர்களே, வரவேற்றுப் பேசிய நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வெயிலில் நடந்தே வந்திருக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியரே, அவர்களை அழைத்து வந்த ஆசிரியப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கு ஒரு நன்றியை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஐப்பசி மழையில் இந்த நூலகத்தின் பின்பக்கக் கூரை ஒழுகி இரண்டு அலமாரிப் புத்தகங்கள் நனைந்தன. மனுக் கொடுத்த இருபதாம் நாள் வேலை முடிந்துவிட்டது. நேரில் வந்து நின்று பார்த்தார்கள். வட்டாட்சியர் அவர்கள் இன்று தங்களுக்கு இருந்த வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம், வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி. ஒரே ஒரு முறைதான் கேட்டேன். நேற்று மாலை ஒரு புது ஸ்டீல் பீரோவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். நல்ல பூட்டு, இரண்டு சாவி. அதோ, மேடைக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே இன்னும் எதுவும் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பிக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

இன்று ஜனவரி 27. 1945-ஆம் ஆண்டு இதே நாளில் சோவியத் படை போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் நுழைந்தது. அங்கே உயிரோடு கிடந்தவர்கள் ஏழாயிரம் பேர் அளவில்தான். அந்த ஒரு முகாமில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவர்களில் பத்து லட்சம் அளவுக்கு யூதர்கள். ஐரோப்பா முழுக்க ஹிட்லரின் நாஜி ஆட்சியும் அதற்குத் துணை போனவர்களும் கொன்ற யூதர்கள் 60 லட்சம். அதில் குழந்தைகள் மட்டும் சுமார் 15 லட்சம். ரோமா என்ற சிறுபான்மை இன மக்களையும், மனநலம் குன்றியவர்களையும், சோவியத் போர்க் கைதிகளையும் அவர்கள் பெரும் எண்ணிக்கையில் கொன்றார்கள். 2005-இல் ஐக்கிய நாடுகள் சபை இந்த நாளை நினைவு நாளாக அறிவித்தது.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். முதலாவது, இது எப்படித் தொடங்கியது. இரண்டாவது, அப்போது மற்ற நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன. மூன்றாவது, செத்துக்கொண்டிருந்த அந்த மக்கள் என்ன செய்தார்கள். நேரம் இருந்தால் கம்போடியா, ருவாண்டா இனப்படுகொலைகள் பற்றியும் பேச ஆசை.

என் அம்மா அடிக்கடி ஒன்று சொல்வார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என்னிடம் வரலாறு படித்தவர்கள் இந்த அரங்கில் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். வாரம் ஒரு முறையாவது என் வாயிலிருந்து இதைக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கும் அதே பழமொழியைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தொடக்கத்துக்கு வருவோம். 1933-இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில். நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் டாக்டர், வக்கீல், பேராசிரியர், துணிக்கடைக்காரர், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கிய சிப்பாய் எல்லோரும் உண்டு. ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 1-ஆம் தேதி யூதர் கடைகளில் யாரும் வாங்காதீர்கள் என்று கடை வாசலில் ஆள் நிறுத்தினார்கள். அதே வாரம் ஏப்ரல் 7-ஆம் தேதி, யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. மே 10-ஆம் தேதி பெர்லினில் நடுத்தெருவில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். 1935 செப்டம்பரில் நூரெம்பர்க் சட்டங்கள். யூதருக்குக் குடியுரிமை இல்லை, யூதரும் மற்றவரும் திருமணம் செய்யக் கூடாது. 1938-இல் பெயரிலேயே கை வைத்தார்கள். யூதப் பெயர் என்று பார்த்தவுடன் தெரியாத ஆண்களெல்லாம் இஸ்ரேல் என்றும், பெண்களெல்லாம் சாரா என்றும் கூடுதலாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் யூதர் என்று காட்டச் சிவப்பாக ஓர் எழுத்து. அடுத்து வானொலிப் பெட்டியைப் பிடுங்கினார்கள். தொலைபேசியைத் துண்டித்தார்கள். 1941 செப்டம்பரில், ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும் என்றானது. 1942-இல் வீட்டில் நாய், பூனை வளர்க்கக்கூடத் தடை.

பிள்ளைகளே, இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் யாரையும் விஷவாயு அறைக்கு அனுப்பவில்லை. இன்று ஒரு சட்டம், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருடைய வேலை போகவில்லை, அவருடைய பெயர் மாறவில்லை, அவருடைய நாய் வாலாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவருக்கு வரவில்லை. உங்கள் வகுப்பில் ஒருவனை ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டு மற்றவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பில் சேராதீர்கள். இதைத் தனியாகவே ஒரு மணி நேரம் பேசலாம்.

இரண்டாவது விஷயம். 1938 ஜூலையில் பிரான்சில் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடின. ஜெர்மனியிலிருந்து வெளியேறத் துடிக்கும் யூதர்களை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. ஒன்பது நாட்கள் பேசினார்கள். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள், பெரிய அளவில் இடம் தருகிறேன் என்று சொன்னது டொமினிக்கன் குடியரசு என்ற சிறிய நாடு மட்டும். மறு ஆண்டு மே மாதம் ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பியது. ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். கியூபா ஒருசிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. அமெரிக்கக் கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போனது, அங்கும் இடமில்லை. கனடாவும் முடியாது என்றது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகள் கையில் மாண்டார்கள். அடைக்கலம் என்ற சொல்லைப் பற்றி இங்கே நிறையச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றாவது விஷயத்துக்கு நேரம் வேண்டும், அதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

அது ஒரு வரலாற்று ஆசிரியரின் கதை.

அவர் பெயர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளும். 1900-இல் புச்சாச் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. போலந்தின் தலைநகரான வார்சாவின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினார். மீதி நேரம் நிவாரண வேலை. 1938 அக்டோபர் கடைசியில், ஜெர்மனி தன் நாட்டில் வசித்துவந்த போலந்து யூதர்கள் சுமார் 17,000 பேரை இரண்டே நாளில் ரயிலேற்றிக் கொண்டுபோய் எல்லையில் தள்ளியது. ஆயிரக்கணக்கானோரைப் போலந்து அரசு எல்லை ஊரிலேயே நிறுத்திவைத்தது. குதிரை லாயங்களில் குளிரில் படுத்துக் கிடந்தார்கள். ரிங்கல்ப்ளும் ஐந்து வாரம் அங்கேயே தங்கிக் கஞ்சிக்கும் போர்வைக்கும் வழி செய்தார். அப்போதே இன்னொன்றும் செய்தார். அவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

1939 ஆகஸ்டில் அவர் ஒரு மாநாட்டுக்காக ஜெனீவாவில் இருந்தார். போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சுவிட்சர்லாந்து போரில் சேராத நாடு. அங்கேயே தங்கியிருந்தால் இந்த மனிதர் பேரன் பேத்தி பார்த்திருப்பார். அவர் வார்சாவுக்குத் திரும்பினார். மனைவியும் ஒன்பது வயது மகனும் அங்கே இருந்தார்கள், அவருடைய மக்களும் அங்கே இருந்தார்கள்.

1940 நவம்பர் 16-ஆம் தேதி வார்சாவின் யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுவரை மூடினார்கள். மூன்று மீட்டர் உயரச் சுவர், மேலே கண்ணாடித் துண்டு, முள்கம்பி. கெட்டோ என்று அதற்குப் பெயர். நான்கு லட்சம் பேருக்கு மேல் உள்ளே. நகர மக்களில் நூற்றுக்கு 30 பேரை, நகர நிலத்தில் நூற்றில் இரண்டரைப் பங்கு இடத்தில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஓர் அறைக்கு ஏழு பேர். ரேஷனில் ஒரு யூதருக்குக் கொடுத்த உணவு ஒரு நாளைக்கு 200 கலோரிக்கும் குறைவு. நம் கணக்கில் மூன்று இட்லி. காலை, மதியம், இரவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று இட்லி. சுவரில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் நுழையக்கூடிய அளவுக்கு உடம்பு சிறுத்த குழந்தைகள் வெளியே போய் உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் சுட்டார்கள். பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் 1942 நடுப்பகுதிக்குள் 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த இடத்தில் உட்கார்ந்துதான் அந்த ஆசிரியர் ஒரு வேலையைத் தொடங்கினார். சனிக்கிழமை மாலைகளில் சில நண்பர்களைக் கூட்டினார். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், ஷப்பாத். அதனால் அந்தக் குழுவுக்கு ‘ஓனெக் ஷப்பாத்’, அதாவது ஷப்பாத்தின் மகிழ்ச்சி, என்று பெயர் வைத்தார்கள். வெளியே யார் காதில் விழுந்தாலும் ஏதோ பிரார்த்தனைக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். ஐம்பது அறுபது பேர் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், ரப்பி எனப்படும் யூத மதகுரு ஒருவர், பொருளாதாரம் படித்தவர்கள், கஞ்சித் தொட்டி நடத்திய ராகேல் அவர்பாக் என்ற எழுத்தாளர்.

என்ன சேர்த்தார்கள் தெரியுமா? ரேஷன் அட்டை. டிராம் டிக்கெட். மிட்டாய் சுற்றிய காகிதம். சுவரில் ஒட்டிய உத்தரவுகள். பள்ளிக் குழந்தைகள் எழுதிய கட்டுரைகள். ஒரு வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த சீட்டு. ஒரே வீட்டில் இத்தனை குடும்பங்கள் அடைந்து கிடப்பதால், இன்னாரைப் பார்க்க ஒரு முறை மணி அடிக்கவும், இன்னாருக்கு இரண்டு முறை என்று வரிசையாக எழுதிய சீட்டு. அதைக்கூடப் பத்திரப்படுத்தினார்கள். நீங்களும் நானும் குப்பை என்று கூட்டித் தள்ளும் காகிதம் அது. இன்று அந்த ஒரு சீட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் மூச்சுவிட்டார்கள் என்று தெரிந்துவிடுகிறது. யாரிடம் எதைக் கேட்பது என்று கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். பெண்கள் நிலை, குழந்தைகள் நிலை, கடத்தல், லஞ்சம் எல்லாம் அதில் உண்டு. தங்கள் மக்களிலேயே காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றியும் எழுதச் சொன்னார் ரிங்கல்ப்ளும். நல்லதை மட்டும் எழுதினால் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1942 தொடக்கத்தில் ஓர் இளைஞர் கெட்டோவுக்குள் வந்து சேர்ந்தார். ஹெல்ம்னோ என்ற இடத்தில், மூடிய லாரிகளுக்குள் புகையைச் செலுத்தி யூதர்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி தொடங்கியது அது. பிணங்களைப் புதைக்கும் வேலைக்கு அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். தன் சொந்த மக்களையே குழியில் அடுக்கியவர். அங்கிருந்து தப்பி வந்தவர். அவர் சொல்லச் சொல்ல இந்தக் குழு எழுதியது. எழுதியது போலந்தின் தலைமறைவு இயக்கம் வழியாக வெளியே போனது. 1942 ஜூன் 26-ஆம் தேதி லண்டன் வானொலி போலந்து யூதர்கள் கொல்லப்படுவதைப் பற்றிச் செய்தி வாசித்தது. அன்றைக்கு ரிங்கல்ப்ளும் தன் நாட்குறிப்பில் இது எங்கள் குழுவுக்கு ஒரு பெரிய நாள் என்று எழுதினார். உலகத்துக்குச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு அவருக்கு.

உலகம் கேட்டது. கேட்டுவிட்டு என்ன செய்தது? நான்கு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 22-ஆம் தேதி வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் கிளம்பின. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில். செப்டம்பர் 21-க்குள் ஏறத்தாழ 2,65,000 பேரைக் கொண்டுபோனார்கள். ட்ரெப்ளிங்கா தங்கவைக்கும் முகாமே கிடையாது. இறங்கிய சில மணி நேரத்தில் கொல்வதற்கென்றே கட்டிய இடம்.

அந்த நாட்களில்தான் இது நடந்தது. ஆகஸ்ட் 3. நோவோலிப்கி தெரு, 68-ஆம் எண். அது ஒரு பள்ளிக்கூடம். அங்கே வேலை பார்த்த இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரும் நிலவறையில் குழி தோண்டினார்கள். பத்துத் தகரப் பெட்டிகள். அது வரை சேர்த்த காகிதமெல்லாம் அதில். அடுத்த தெருவில் வீடு வீடாக ஆட்களை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடுவதற்கு முன் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தாள் எழுதி உள்ளே போட்டார்கள்.

டேவிட் கிராபருக்கு வயது 19. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். “உலகத்தைப் பார்த்து எங்களால் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம்” என்று எழுதினார். இந்தப் புதையலைத் தோண்டி எடுக்கும் நாளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றும் எழுதினார். இன்னொரு மாணவருக்கு 18 வயது. பக்கத்துத் தெருவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், என் பெற்றோருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடுகிறேன், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, என்று அவசர அவசரமாக எழுதிவிட்டுக் கடைசியில், “நினைவில் வையுங்கள், என் பெயர் நாகும் கிஷிவாச்” என்று முடித்தார்.

ஆசிரியர் லிக்டென்ஸ்டைன் தனக்கு நன்றியோ நினைவுச் சின்னமோ வேண்டாம் என்று எழுதினார். தன் மனைவியை நினைவில் வைக்கச் சொன்னார். கேலே ஸெக்ஸ்டைன் என்ற ஓவியர் அவர். அவர் வரைந்த படங்களும் அந்தப் பெட்டியில் இருந்தன. அப்புறம் தன் மகளைச் சொன்னார். மார்கலித். இன்றோடு அவளுக்கு இருபது மாதம், அவளையும் நினைவில் வையுங்கள் என்றார். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகக் கேட்டது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இடமோ, பாலோ, மருந்தோ அவர் கேட்கவில்லை. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான்.

1943 பிப்ரவரியில் இன்னொரு தொகுதியை இரண்டு பால் கேன்களில் அடைத்துப் புதைத்தார்கள். நம் பால் சொசைட்டியில் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்களே, அதே மாதிரி மூடி போட்ட கேன். ஏப்ரல் 19-ஆம் தேதி கெட்டோவில் மிஞ்சியிருந்தவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். நாஜிகள் தெருத் தெருவாகக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். ரிங்கல்ப்ளும் நாஜிகளின் ஒரு கட்டாய உழைப்பு முகாமிலிருந்து மீட்கப்பட்டு, மனைவி, மகனோடு ஒரு தோட்டக்காரர் கண்ணாடிக் கொட்டகைக்குக் கீழே தோண்டிவைத்த பதுங்கு அறையில் முப்பத்துச் சொச்சம் பேரோடு ஒளிந்திருந்தார். அந்த இருட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தார். 1944 மார்ச் 7-ஆம் தேதி பிடித்துவிட்டார்கள். சில நாளில் எல்லோரையும் சுட்டார்கள். அடைக்கலம் கொடுத்த மியேச்சிஸ்வாவ் வோல்ஸ்கி என்ற அந்தத் தோட்டக்காரரையும் சேர்த்துத்தான். அவர் யூதர் இல்லை. காய்ச்சல் தனக்கு வராமலேயே அடுத்தவரின் காய்ச்சலைத் தெரிந்துகொண்ட மனிதர். அவருடைய பெயரை ஒரு முறை எல்லோரும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. அந்த ஐம்பது அறுபது பேரில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர். குழுவின் செயலாளர் ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி ப்ளூமா, ராகேல் அவர்பாக். புதைத்த இடம் ஏறக்குறைய எங்கே என்று வாசருக்கு மட்டும் தெரியும். போய்ப் பார்த்தால் தெருவே இல்லை. செங்கல் மலைதான். தோண்டினார்கள். 1946 செப்டம்பர் 18-ஆம் தேதி பத்துத் தகரப் பெட்டிகளும் கிடைத்தன. தண்ணீர் இறங்கிக் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள். 1950 டிசம்பர் 1-ஆம் தேதி, வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய கூலித் தொழிலாளிகளின் கையில் அந்த இரண்டு பால் கேன்களும் அகப்பட்டன. மூன்றாவதாக ஒரு தொகுதி புதைத்தார்கள், அது இன்று வரை கிடைக்கவில்லை. கிடைத்தவை மட்டும் 35,000 பக்கம் அளவில். வார்சாவில் உள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது.

ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? கொன்றவர்களின் திட்டம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆளைக் கொல்வது பாதி வேலைதான். 1942 முதல் நாஜிகள் தனிப்படை வைத்துப் புதைகுழிகளைத் திரும்பத் தோண்டிப் பிணங்களை எரித்தார்கள். எலும்பைக்கூட அரைத்தார்கள். 1943 அக்டோபர் 4-ஆம் தேதி போஸன் நகரில், எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லர் தன் அதிகாரிகளிடம் பேசும்போது, இது நம் வரலாற்றில் எழுதப்படாத, ஒருபோதும் எழுதப்படப் போகாத புகழ்ப் பக்கம் என்று பெருமையாகச் சொன்னார். எழுதப்படாது என்று அவர் சொன்னபோது, வார்சாவின் மண்ணுக்குள் அது ஏற்கெனவே எழுதி முடித்துப் பத்திரமாக இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அம்மா சொன்னது சரிதான். ஆனால் எல்லோருக்கும் வந்துதான் தெரிய வேண்டும் என்றால் உலகம் தாங்காது. வந்தவர் எழுதிவைத்ததை வராதவர் படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. இங்கேதான் நான் நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக நான் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்கும் விஷயம்தான்.

என் பாட்டியின் அண்ணன் ஒருவர் இருந்தார். கங்காணி அழைத்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். பணம் அனுப்புவார், கடிதம் எழுதுவார். 1941-இல் வந்ததுதான் கடைசிக் கடிதம். அந்த டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவுக்குள் இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், அவரைச் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு தகவலும் இல்லை. பாட்டி சாகும் வரை தாலி கட்டிய அண்ணியை விதவை என்று சொல்ல விடவில்லை.

வார்சாவில் நடந்ததும் சயாமில் நடந்ததும் ஒன்றல்ல. ஓர் இனத்தையே பூண்டோடு அழிக்கப் போட்ட திட்டம் அது. இது ஆளை மாடாக்கி வேலை வாங்கிச் சாகவிட்ட கொடுமை. ஆனால் காலம் ஒன்றுதான். 1942, 1943. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் படை போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000 பேர் அளவில் அங்கே வேலை செய்து, 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் ஏழாயிரத்துக்கு அருகில் கல்லறைகள், வரிசை வரிசையாக, பெயரும் வயதும் பொறித்துப் புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். அதில் நம் தமிழர்கள் பெருங்கூட்டம். பல பத்தாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே? அவர்களில் ஒரு ரிங்கல்ப்ளும் இல்லை, ஒரு பால் கேனும் இல்லை. என் பாட்டியின் அண்ணன் எந்த மைல் கல்லருகே விழுந்தார் என்று எந்தக் காகிதமும் எனக்குச் சொல்லாது.

எழுதிவைத்தாலும் போதாது, காக்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தியபோது 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அது பகைவர் வைத்த தீ. நாமே வைத்துக்கொள்ளும் தீ ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒரு கோடை விடுமுறை முடிந்து போனபோது பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் காணவில்லை. கேட்டால், செல்லரித்துப்போனது, இடத்தை அடைக்கிறது, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். எந்தத் தெருப் பிள்ளையை முதன்முதலாக எந்த வருடம் பள்ளியில் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்று அதில் இருந்தது. நான் பேப்பர்க் கடைக்கு ஓடினேன். லோடு போய்விட்டது என்றார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது.

சரி, பீரோவுக்கு வருகிறேன். இந்த நூலகத்தில் நம் ஊருக்கென்று ஓர் ஆவண அறை வேண்டும். பின்பக்க அறை காலியாக இருக்கிறது, கூரையும் இப்போது ஒழுகவில்லை. நகர்மன்றத் தலைவர் அவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, ஒரு ஸ்கேனரும் இரண்டு டியூப் லைட்டும் கொடுத்தால் போதும். வட்டாட்சியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். எந்த அலுவலகத்திலும் பழைய பதிவேட்டைக் கழிக்கும் முன், விதி அனுமதிக்கிற வரையில் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் பிரதி எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் பரணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் வைத்திருந்த சீட்டு, மலாயா மணியார்டர் ரசீது, கூலிக் கணக்கு நோட்டு, அகதி முகாமில் கொடுத்த அட்டை, சாதிச் சண்டையில் வீடு எரிந்தபோது கொடுத்த புகார் மனுவின் நகல், எதுவானாலும். குப்பை என்று நினைப்பதைத்தான் முதலில் கொண்டு வாருங்கள். அசலைத் தர மனமில்லை என்றால் பரவாயில்லை, பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். மாணவர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கு ஒரு பெரியவர். உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு வந்த காய்ச்சலைக் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். நல்லதோடு கெட்டதையும் கேளுங்கள், நம் குடும்பம் செய்த தப்பையும் கேளுங்கள்.

ருவாண்டா பற்றிப் பேச முடியாமல் போய்விட்டது. வாசகர் வட்டத் தலைவர் ஐயா இன்னொரு நாள் கொடுத்தால் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நானும் நூலகர் அம்மாவும் இங்கே இருப்போம். அம்மா ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வரிசை எண், தேதி, கொடுத்தவர் பெயர், என்ன பொருள்.

முதல் எண்ணை இப்போதே எழுதிவிடலாம் அம்மா. இது என் பாட்டி பெட்டியில் முப்பது வருடம் மடித்து வைத்திருந்த கடிதம். மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரியுங்கள். எழுதியவர் பெயர் கோவிந்தன். ஊர் நம் ஊர்தான், கீழத்தெரு. அந்தச் சாவியைக் கொடுங்கள் அண்ணாச்சி.